குளிர்காலக் காட்டைப் படம் எடுக்க நீலகிரியில் என்ன இருக்கிறது?

டிசம்பர் 3

வாசகர் ஒருவர் கேட்டது: "வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த குளிர்காலக் காட்டுப் படங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. வெள்ளைத் தரை, மொட்டை மரம், சாய்ந்த வெயில். நம்மூரில் அது எதுவும் கிடையாது. டிசம்பரில் ஊட்டிக்குப் போனாலும் காடு ஜூலையில் இருந்த மாதிரியே பச்சையாகத்தான் நிற்கிறது. பைன் காட்டில் நாலு படம் எடுத்து, எடிட்டிங்கில் கொஞ்சம் நீலம் ஏற்றினால்தான் குளிர்காலம் மாதிரி வருகிறது. வேறு வழி உண்டா?"

டிசம்பர் 3, இரவு

உண்டு. முதலில் பைன் காட்டை விட்டு வெளியே வாருங்கள்.

ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தா பக்கம் நீங்கள் எடுப்பது நட்டு வளர்த்த மரங்கள். வரிசையாக நிற்கும், எல்லாம் ஒரே வயது, அடியில் சருகைத் தவிர வேறு ஒன்றும் முளைத்திருக்காது. யூகலிப்டஸும் வாட்டிலும் அப்படித்தான், வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடவும் வந்தவை. நீலகிரி மேல்மலையின் சொந்தக் காடு சோலை. குட்டையான, நெருக்கமான, என்றும் பச்சையான மரங்கள். அதைச் சுற்றிப் புல்வெளி. குளிர்காலம் என்ன செய்கிறது என்பதை இந்த இரண்டும் சேர்ந்துதான் காட்டும். சோலைக்குள் மட்டும் நின்று பார்த்தால் ஜூலை மாதிரிதான் தெரியும், அதில் உங்களைக் குறை சொல்ல முடியாது.

டிசம்பர் 4

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக முடித்துவிட்டேன். எப்போது எங்கே போவது என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் மலையில் குளிர்காலம் ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் வருவதில்லை. டிசம்பர் பாதி வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையின் வால் இருக்கும். கிழக்கிலிருந்து மேகம் ஏறிவந்து காட்டுக்குள் புகுந்துகொள்ளும், அது மூடுபனிப் படத்துக்கான நேரம். மழை விட்டு வானம் தெளிந்ததும் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க ஊட்டி, தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி. அது முடிகிற சமயத்தில் கீழே முதுமலையில் இலை உதிர ஆரம்பிக்கும். நீங்கள் கேட்ட மொட்டை மரம் அங்கே இருக்கிறது, ஆனால் பிப்ரவரியில்.

மூன்றையும் ஒரே வாரக் கடைசியில் எடுத்துவிடலாம் என்று கிளம்பி வருகிறவர்கள் ஒன்றையும் உருப்படியாக எடுப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டிசம்பர் 7

"சாய்ந்த வெயில்" என்று முதல் கேள்வியில் ஒரு வார்த்தை இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். யூடியூபில் குளிர்காலப் பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து, நார்வே, கனடா ஆட்கள். இங்கிலாந்தின் வடக்கில் டிசம்பர் 22 வாக்கில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரம்தான் ஏறும். நாள் முழுக்கச் சாயங்கால வெளிச்சம் அவர்களுக்கு. அதனால் "குளிர்காலத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி.

ஊட்டி இருப்பது ஏறத்தாழ 11.4 டிகிரி வடக்கு அட்சத்தில். அதே நாளில் இங்கே நண்பகல் சூரியன் 55 டிகிரிக்கு ஏறிவிடும். ஜனவரி நடுவில் ஆறே முக்கால் வாக்கில் உதிக்கிறது, எட்டரைக்கே 20 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. மேல்மலையில் காற்றும் சுத்தம், தூசு கிடையாது, வெயில் கத்தரித்துப் போட்ட மாதிரி விழும். ஒன்பது மணிக்குமேல் சோலையின் ஓரத்தை எடுத்தால் இலையெல்லாம் வெள்ளைப் புள்ளி, நிழலெல்லாம் கரி. ஆக, நமக்குக் கிடைப்பது காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நடுப்பகலில் மேகம் மூடினால் அது போனஸ்.

மலைச்சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேற்குப் பார்த்த சரிவில் காலை வெயில் தாமதமாகத்தான் விழும். அங்கே உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும்.

டிசம்பர் 8

"அப்போ நடுப்பகலில் என்ன செய்வது?" சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நாலு மணிக்கு எழுந்தவருக்கு அது நியாயம்தானே.

டிசம்பர் 14

கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு இன்று போய் வந்தேன். அனுமதி வாங்கித்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் குடிதண்ணீர் தருகிற காடு அது, 116 ஹெக்டேர், 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோத்தகிரி ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். உள்ளூர் ஆட்கள் காவல் காத்துக் காப்பாற்றியது.

உள்ளே மூடுபனி. முதல் அரை மணி நேரம் கேமராவையே எடுக்கவில்லை. சோலைக்குள் போன உடனே கண்ணுக்கு எல்லாமே படமாகத் தெரியும், கேமராவின் பெட்டிக்குள், அதாவது ஃப்ரேமில், பார்த்தால் எதுவுமே படமாக இருக்காது. கிளை, கொடி, பெரணி, விழுந்த மரம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. வைட் லென்ஸ் போட்டால் இன்னும் மோசம், காட்டில் இருக்கிற குப்பை முழுவதும் உள்ளே வந்துவிடும். நான் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் எடுத்துப் போகிறேன். தூரத்தில் இருக்கிற மூன்று மரங்களைப் பிடித்து இழுத்துவிடலாம்.

மூடுபனி செய்கிற உபகாரம் இங்கேதான். பின்னால் இருப்பதை ஒவ்வொரு அடுக்காக வெளுக்கவைத்துவிடும். முன்மரம் கருப்பு, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. மற்ற நாளில் பிரிக்கவே முடியாத மரங்கள் தானாகப் பிரிந்து நிற்கும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதில், கேமராவை நம்பாதீர்கள். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். வெளுத்த மூடுபனியைப் பார்த்தாலும் அதையேதான் செய்யும், படம் அழுக்காக வரும். முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது பக்கம் போகட்டும், சுவரில் முட்டாமல் இருந்தால் போதும்.

இன்று எடுத்ததில் எனக்குப் பிடித்தது ஒரு அடிமரம் மட்டும். கையகலம் பட்டை. அதில் கீழே ஈரமான கரும்பச்சைப் பாசி, அதன்மேல் பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வளர்கிற வெளிர்ச் சாம்பல் லைக்கன், ஓரம் சுருண்டு கிழிந்த காகிதம் போல. பாசி நுனி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, சொட்டுக்குள் தலைகீழாக மரங்கள். பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டரான போலரைசரை மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் ஈரத்தின் பளபளப்பு போய்ப் பச்சை கெட்டியாக வந்து உட்காரும். முழுக்கத் திருப்பிவிட வேண்டாம், ஈரம் இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். போலரைசர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும், லென்ஸ் துவாரம் எஃப் 8-இல் ஷட்டர் வேகம் கால் நொடி வந்தது. டிரைபாட் இல்லாமல் இதெல்லாம் நடக்காது.

டிசம்பர் 15

அந்த லைக்கன் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியா என்று கேட்டிருக்கிறார்கள். கல்பாசியும் லைக்கன்தான், அதே கூட்டம். ஆனால் தயவுசெய்து யாரும் உரித்துப் பார்க்க வேண்டாம், அது வளர்வது அவ்வளவு மெதுவாக. படம் தெளிவாக வர வேண்டும் என்று குறுக்கே வந்த கொடியை வெட்டுவது, பாசியை ஒதுக்குவது, பூவில் தண்ணீர் தெளிப்பது எல்லாவற்றையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். கொடி குறுக்கே வந்தால் ஓரடி நகர்ந்து நில்லுங்கள். நகர இடமில்லை என்றால் அங்கே படம் இல்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 22

ஊட்டியில் இன்று நீர்ப்பனி. புல் நனைந்திருக்கிறது, வெளுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஜனவரி 4

வெளுத்துவிட்டது.

காந்தலில் இருக்கிற நண்பர் ஐந்து மணிக்குப் போன் செய்தார். வண்டிக் கூரையில் தடிமனாகப் படிந்திருக்கிறது என்றார். போய்ச் சேரும்போது ஆறே கால். புல்வெளி முழுக்க வெள்ளை, அதன் விளிம்பில் சோலை கருப்பாக, ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமல். முதல் நாள் கேள்வி கேட்டவருக்கு நான் காட்ட நினைத்தது இதைத்தான்.

சோலைக்குள் ஏன் உறையவில்லை? உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை. காற்று அசையாத, மேகமில்லாத இரவில் தரையும் புல்லும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகின்றன. பூஜ்ஜியத்துக்குக் கீழே போன புல்லின்மேல் காற்றில் இருக்கிற ஈரம் அப்படியே பனிக்கட்டியாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனம், அதனால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் வெளுக்கிற அளவுக்கு மேட்டில் இருக்கிற வீடுகள் வெளுக்காததற்கு அதுதான் காரணம். சோலையிலோ மேலே இருக்கிற இலைக்கூரை தரைக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. உள்ளே இருக்கிற சூடு மேலே தப்பிப் போகாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சோலை முடிகிற இடம் கத்தியால் வெட்டிய மாதிரி ஏன் இருக்கிறது, மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாக விவாதிக்கிறார்கள். உறைபனியும் காட்டுத்தீயும் என்கிறார்கள். சோலை மரத்தின் விதை புல்லில் விழுந்து முளைத்தாலும், திறந்த வெளியில் அந்தக் கன்று ஜனவரி இரவுகளைத் தாங்குவது கஷ்டம். அந்த விளிம்பைப் படம் எடுக்கும்போது குளிர்காலம் போட்ட கோட்டையே படம் எடுக்கிறீர்கள். இதைவிடக் குளிர்காலமான ஒரு காட்டுப் படம் எனக்குத் தெரியாது.

ஜனவரி 4, மாலை

எக்ஸ்போஷர் சொல்ல விட்டுப்போயிற்று. வெள்ளைப் புல்லும் கரும்பச்சைச் சோலையும் ஒரே பெட்டிக்குள் வந்தால் மீட்டர் குழம்பும். வெயில் விழுவதற்கு முன் எடுத்தால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் கேமரா தாங்குகிற அளவுதான். கேமரா சுருக்காமல் பதிகிற ரா ஃபைலில் எடுங்கள், வெள்ளையில் விவரம் இருக்கட்டும், இருட்டைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம். கொஞ்சம்தான். சோலை இருட்டாக இருப்பதுதான் அதன் இயல்பு.

ஜனவரி 5

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: "இலைக்கூரைதான் காரணம் என்றால், புல்வெளியில் தனியாக ஒரு மரம் இருந்தால் அதற்கு அடியில் பனி இருக்கக்கூடாதே?"

இருக்காது. இன்று அதையே தேடிப் போனேன். தனியாக நின்ற ஒரு காட்டுப்பூவரசு, ரோடோடெண்ட்ரான். சுற்றிலும் வெள்ளை, அதன் கிளை படர்ந்த அளவுக்குப் பச்சையாக ஒரு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் பனி சட்டென்று நிற்கவில்லை, மெல்ல மெல்லக் குறைகிறது. வெளியே மூவிலைப் புல்லின் இலை ஒவ்வொன்றிலும் விளிம்பு முழுக்க ஊசிகள், இலையின் நடுவில் குறைவு, நடு நரம்பில் மறுபடி ஒரு வரிசை. உள்ளே நகர நகர ஊசிகள் குட்டையாகி, பிறகு விளிம்பில் மட்டும், பிறகு வெறும் ஈரம். ஒரு முழ நீளத்தில் இவ்வளவும். மேக்ரோ லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் இங்கேயே காலையை முடித்துக்கொள்ளலாம்.

மேட்டில் ஏறி நின்று மேலிருந்து அந்த வட்டத்தையும் எடுத்தேன். ட்ரோன் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: காப்புக்காட்டின் மேல் அனுமதியில்லாமல் ட்ரோன் விடக்கூடாது. வழக்கு வரும்.

ஜனவரி 6

பனி படிந்த புல்லில் நடக்காதீர்கள். உறைந்த புல் மிதித்தால் நொறுங்கும், பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதம் பட்ட இடமெல்லாம் பழுப்பாகக் கருகியிருக்கும். எடுக்கிற இடத்தை ஓரத்தில் நின்றே முடிவுசெய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அந்த வெள்ளை வேண்டும்.

ஜனவரி 9

கேமரா பற்றி நிறையக் கேள்விகள். வரிசையில்லாமல் சொல்கிறேன்.

பேட்டரி: லித்தியம் பேட்டரி குளிரில் சோர்ந்துபோகும். இரண்டாவது பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்போடு வையுங்கள். காலியானது என்று கேமரா சொன்ன பேட்டரியைச் சூடாக்கிப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும்.

லென்ஸில் ஆவி: குளிரிலிருந்து சூட்டுக்குள் போகும்போதுதான் பிரச்சினை. படம் எடுத்து முடித்து நேராக டீக்கடைக்குள் கேமராவோடு நுழைந்தால், கொதிக்கிற பாய்லர் ஆவியில் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், உள்ளேயும் போகும். வெளியிலேயே கேமராவை மூடி இறுக்கிய பைக்குள் போட்டு, உள்ளே போனபின் அரை மணி நேரம் திறக்காமல் இருங்கள். ஜிப் கவர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். மடித்து மூடுகிற வாட்டர்ப்ரூஃப் துணிப்பை வாங்கிக்கொள்ளுங்கள், பல வருஷம் வரும். இறுக்கமான மூடி போட்ட டப்பாவும் போதும்.

கேமராவை டிரைபாடில் வானத்தைப் பார்க்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் லென்ஸின் மேலும் பனி படியும். புல்லுக்கு நடப்பதுதான் கண்ணாடிக்கும் நடக்கும். மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள்.

வியூஃபைண்டரில் மூச்சு விடாதீர்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஜனவரியில் வந்து பாருங்கள்.

ஜனவரி 10

அவலாஞ்சிக்கு விடியற்காலையில் போக முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். சுற்றுலாப் பகுதிக்குள் வனத்துறை வண்டியில்தான் போக முடியும். அந்த வண்டி கிளம்புகிற நேரத்துக்கு உறைபனி உருகியிருக்கும். சோலையைப் பார்ப்பதற்கு அவலாஞ்சி, உறைபனிக்குத் தலைக்குந்தாவும் காந்தலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரத்திலிருந்தே கிடைக்கும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், "ஐந்து நிமிஷம்தானே" என்பதெல்லாம் எடுபடாது.

தோடர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, பக்கம் போனால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சோலையும் புல்வெளியும் சேர்ந்த அழகான இடங்களில் பல அவர்களுடைய மந்துகளை ஒட்டியவை. அது அவர்கள் வீட்டு வாசல்.

ஜனவரி 13

பொங்கல் விடுமுறைக் கூட்டம் ஏறிவிட்டது. வெளியூர்க்காரர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் கல்லாறு சோதனைச் சாவடியிலேயே நிற்க வேண்டும்.

முக்கியமானது இன்னொன்று. விடியற்காலை ஐந்தரைக்கு மூடுபனியில் நடக்கிறவர்கள் காட்டுமாட்டை மனதில் வையுங்கள். ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் வரும், தேயிலைத் தோட்ட ஓரத்தில் சத்தமில்லாமல் நிற்கும். டார்ச் அடித்துக்கொண்டே போங்கள், பேசிக்கொண்டே போங்கள், தனியாகப் போகாதீர்கள். கண்டுவிட்டால் படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே பின்வாங்குங்கள். கரடியும் உண்டு. மழைக்கால அட்டை இப்போது இருக்காது, அதற்குப் பதில் புல்லில் உண்ணி. கால்சட்டையை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 19

இந்த இழையைப் படித்துவிட்டுப் போய் எடுத்தவர்கள் படம் போட்டிருக்கிறீர்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் பாதிப் படங்களில் சோலையின் பச்சையை உறிஞ்சி எடுத்துவிட்டு நீலம் பூசியிருக்கிறது. அது என்னை உறுத்துகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

வெயில் படுவதற்கு முன் உறைபனி நீலமாக இருப்பது உண்மைதான். நிழலில் இருப்பதற்கு வெளிச்சம் தருவது நீலவானம். கேமராவின் ஒயிட் பேலன்ஸில் (நிறச் சமநிலை) பகல் வெயில் செட்டிங் வைத்தால் நீலம் வரும், 7000, 8000 கெல்வின் என்று வைத்தால் வெள்ளையாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் உரிமை. நானும் கொஞ்சம் நீலம் விடுவேன்.

சோலையின் பச்சையை அழிப்பது வேறு. தையில் சோலையை உற்றுப் பாருங்கள். அது ஒரே பச்சை இல்லை. பழைய இலை கருமை. நாவல் இனத்து மரங்களில் தளிர் விட்டிருந்தால் செம்பு நிறம், சிலது ஊதா கலந்த சிவப்பு. காட்டுப்பூவரசில் முதல் மொட்டுகள் ரத்தச் சிவப்பாக உடைந்துகொண்டிருக்கும். தரை உறைந்துகிடக்கிறது, பத்தடி மேலே பூ மலர்கிறது. இப்படி ஒரு குளிர்காலம் நார்வேயில் கிடையாது. அதை உரித்து எறிந்துவிட்டு இன்னொரு நாட்டுக் குளிர்காலத்தை ஒட்டவைப்பதற்கு நாலு மணிக்கு எழுந்து காந்தல் வரை போக வேண்டியதில்லை.

ஜனவரி 21

"அப்படியானால் கருப்பு வெள்ளையும் கூடாதா? அதிலும் பச்சை போய்விடுகிறதே" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கூடும். நிறத்தை மாற்றிச் சொல்வது ஒன்று, நிறத்தைப் பேசாமல் விடுவது இன்னொன்று. கருப்பு வெள்ளைப் படம் பார்க்கிறவரை ஏமாற்றுவதில்லை. காட்டுயிர் எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணன் (1912-1996) கருப்பு வெள்ளையில்தான் தென்னாட்டுக் காடுகளை எடுத்தார். அவர் யானைப் படங்களில் யானைக்குப் பின்னால் இருக்கிற புதரும் மூங்கிலும் எந்த ஊர்க் காடு என்று சொல்லிவிடும். அதுதான் அளவுகோல் என்று இப்போது எனக்குப் படுகிறது: படத்தைப் பார்த்ததும் இது எந்தக் காடு என்று தெரிய வேண்டும். உறைபனி விளிம்பைக் கருப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தேன். நிறப்படத்தைவிட நன்றாகவே வந்தது. அதனால் நிறத்தைப் பற்றி 19-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜனவரி 28

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் "குளிர்காலம்" என்ற தலைப்பில் நடந்த ஒரு போட்டிக்கு, சிவந்த தளிரும் அடியில் வெள்ளைப் புல்லுமாக ஒரு சோலைப் படம் அனுப்பினேன். "தலைப்புக்குப் பொருந்தவில்லை, வசந்தகாலம் போல இருக்கிறது" என்று திருப்பிவிட்டார்கள். பரிசு கிடைத்தது பைன் காட்டுப் படத்துக்கு. யார் நடத்தினார்கள் என்பது இப்போது தேவையில்லை. படம் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கே நம் மலையின் ஜனவரி எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருக்கிறதே என்பதுதான் வருத்தம். நாம்தான் எடுத்து எடுத்துப் பழக்க வேண்டும்.

பறவைக்காரர்கள் கவனத்துக்கு: காஷ்மீர் ஈப்பிடிப்பான் நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வுட்காக் என்கிற உள்ளான் இனத்துப் பறவையும் சோலையின் ஈரத்தரைக்கு வரும், சருகோடு சருகாகக் கிடக்கும். இவற்றுக்குக் குளிர்காலம் என்றால் நம் சோலைதான். குரல் ஒலிபரப்பி வரவழைக்காதீர்கள்.

பிப்ரவரி 6

முதுமலை. மொட்டை மரம் கேட்டவர் இங்கே வரலாம். கல்லட்டி வழியாக இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்குமேல் கீழே வந்துவிடுகிறோம், காடே வேறாகிவிடுகிறது.

இலை போனபின் பார்க்க வேண்டியது பட்டை. கருமருதின் பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வெக்காலியும் வெண்தேக்கும் வழவழப்பாக, வெளிறி, காலை வெயிலில் உள்ளிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி நிற்கும். கருப்பும் வெளுப்பும் பக்கம் பக்கமாக நிற்கிற இடம் தேடுங்கள். தேக்கின் பெரிய இலைகள் சல்லடையாகி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும், எதிர் வெயிலில் நரம்பெல்லாம் தெரியும். இடையில் ஒரு புரசு, ஓர் இலவு, இலையே இல்லாமல் முழுக்கப் பூ.

இங்கே வண்டியை விட்டு இறங்கக் கூடாது, சொந்த வண்டியை ரோட்டில் நிறுத்தவும் கூடாது. புலிகள் காப்பகம். அதனால் டிரைபாட் உதவாது. வனத்துறை வண்டியில் போய், அதன் ஜன்னலில் ஒரு அரிசிப் பையோ பீன் பேகோ வைத்து, இன்ஜினை அணைக்கச் சொல்லி எடுங்கள். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மரத்துக்காக நிறுத்தச் சொன்னால் முதலில் விசித்திரமாகப் பார்ப்பார்கள். பிறகு அவர்களே நல்ல மரம் காட்டுவார்கள். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பந்திப்பூர் ரோடு மூடியிருக்கும், திட்டம் போடும்போது கணக்கில் வையுங்கள். தீ அபாயம் கூடினால் காப்பகத்தையே மூடிவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 7

மூடுபனியே இல்லாத வறண்ட காட்டில் அடுக்குகள் எப்படிக் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். தூசு. முன்னால் போன ஜீப் கிளப்பிய புழுதி, காலை எதிர் வெயிலில். மான் கூட்டம் கடந்துபோனால் இன்னும் மெல்லிசாக எழும். ஒரு நிமிஷம்தான் இருக்கும், லென்ஸ் தயாராக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

முதலில் கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். பைன் இல்லை, நீலம் இல்லை. தலைக்குந்தா பக்கம் சோலை விளிம்பு, உறைபனியின் கடைசி நாட்களில் எடுத்தது, வெள்ளை திட்டுத்திட்டாக. வலது ஓரத்தில் வாட்டில் புகுந்துவருவதும் தெரிகிறது. வெட்டி எடுத்துவிடவா என்று கேட்டிருக்கிறார். விட்டுவையுங்கள், அதுவும் இன்றைய நீலகிரிதான்.

பிரிண்ட் போடப் போகிறாராம். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடுங்கள். ஆனால் மேட் தாளில் இருட்டு ஒன்றாக அடைத்துக்கொள்ளும், சோலை ஒரே கருப்பு அட்டையாகிவிடும். அதனால் பிரிண்டுக்கான ஃபைலில் மட்டும் நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கி, முதலில் அஞ்சல் அட்டை அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்து, அடிமரங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் பெரிதாகப் போடலாம்.